பருத்தி எந்தக் காட்டில் விளைந்தது? புதிய ஜவுளி விதிகளும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும்

ஏற்றுமதி ஜவுளி பற்றிய செய்திகளில் சில ஆண்டுகளாகப் புதுச் சொற்கள் அடிபடுகின்றன: டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட், தடமறிதல் (பொருள் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று பின்தொடர்வது), உரிய கவனக் கடமை, கார்பன் கணக்கு. திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் இவை பழகிவிட்டன. அரூரில் பருத்தி போடுகிறவருக்கும், பாலக்கோட்டில் பட்டுப்புழு வளர்க்கிறவருக்கும், விடியற்காலையில் வேன் ஏறி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற கிருஷ்ணகிரிப் பெண்ணுக்கும் இவற்றால் என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. ஐரோப்பாவில் எழுதப்படும் விதி கடைசியில் இந்த மூவரின் வேலையையும் தொடப்போகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு பனியனுக்குப் பின்னால் எத்தனை கைகள்

விநியோகச் சங்கிலி என்பது ஒரு பொருள் மூலப்பொருளாக இருக்கும் இடத்திலிருந்து வாங்குபவர் கைக்கு வரும்வரை கடக்கும் எல்லாக் கட்டங்களும் சேர்ந்தது. பருத்தி ஆடைக்கு அந்தக் கட்டங்கள் இவை:

1. விளைச்சல். நம் பக்கம் அரூர், மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை வட்டாரங்களில் பருத்தி உண்டு.
2. அரவை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் வேலை. 100 கிலோ பருத்தி அரைத்தால் சுமார் 33 முதல் 35 கிலோ பஞ்சு கிடைக்கும். அதை 170 கிலோ பேலாக அழுத்திக் கட்டுவார்கள்.
3. நூற்பு.
4. நெசவு அல்லது நிட்டிங்.
5. சலவை, சாயம், பிரிண்டிங். தண்ணீரும் வெப்பமும் ரசாயனமும் அதிகம் செலவாகும் கட்டம் இதுதான்.
6. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்.
7. பையர் என்று நாம் சொல்லும் பிராண்ட், அப்புறம் கடை.

நம் இரண்டு மாவட்டங்களும் முக்கியமாக இருப்பது முதல் கட்டத்திலும் ஆறாவது கட்டத்திலும். நடுவில் உள்ள கட்டங்கள் பெரும்பாலும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம். ஊத்தங்கரையில் பருத்தி எடுக்கும் குடும்பத்துப் பெண்ணே ஓசூரிலோ பெங்களூரிலோ தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கலாம். தன் வீட்டுப் பருத்தி எங்கே போனது என்பது அவருக்குத் தெரியாது. தான் தைக்கும் துணி எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. கடையில் அந்தச் சட்டையை விற்கும் நிறுவனத்துக்கும் பெரும்பாலும் அது தெரியாது. புதிய விதிகள் கைவைப்பது இந்தத் தெரியாமையில்தான்.

நிலைத்த சங்கிலி என்றால் என்ன

நிலைத்தன்மை என்றதும் மரம் நடுவது, பிளாஸ்டிக் குறைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜவுளித் துறையில் அதற்கு மூன்று பக்கங்கள் உண்டு. மண்ணும் தண்ணீரும் காற்றும் கெடாமல் உற்பத்தி நடக்க வேண்டும். வேலை செய்பவரின் உடலும் மரியாதையும் கூலியும் காக்கப்பட வேண்டும். அப்படிச் செய்கிறவர் அடுத்த வருடமும் அதே தொழிலில் இருக்கும் அளவுக்கு அவருக்குப் பணம் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதைப் பெரும்பாலான அறிக்கைகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது என்பதைக் கீழே வரும் கணக்குகளில் பார்க்கலாம்.

இந்தக் கேள்விகள் ஏன் இப்போது வருகின்றன

2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஜவுளித் தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே தங்கள் ஆடைகள் தைக்கப்பட்டன என்பதை உறுதிசெய்யவே சில நிறுவனங்களுக்கு நாட்கள் ஆயின. இடிபாடுகளில் கிடந்த லேபிள்களைப் பார்த்துத்தான் பல பெயர்கள் வெளியே வந்தன. “நாங்கள் நேரடியாக வாங்கவில்லை, ஏஜெண்ட் கொடுத்தார்” என்ற பதில் அதன் பிறகு எடுபடவில்லை.

அடுத்து அமெரிக்கா. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் கட்டாய உழைப்பு இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்து வரும் பொருட்களைத் தடுக்கும் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. அந்தப் பகுதிப் பஞ்சு தங்கள் சட்டையில் இல்லை என்று இறக்குமதியாளரே நிரூபிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், எங்கிருந்து வந்தது என்று காட்டித்தான் ஆக வேண்டும். கேள்வி பேல் வரைக்கும், அதைத் தாண்டிக் காடு வரைக்கும் இறங்கியது இப்படித்தான்.

ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று உரிய கவனக் கடமை: பெரிய நிறுவனங்கள் தங்கள் சங்கிலியில் மனித உரிமை மீறலும் சூழல் சேதமும் நடக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் சரிசெய்ய வேண்டும். 2025-இல் இதன் அமலாக்கத் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். எந்த அளவு நிறுவனத்துக்குப் பொருந்தும் என்ற வரம்பையும் உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். “சட்டமே போய்விட்டது” என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அது சரியில்லை. வீச்சு குறைந்திருக்கிறது, கடமை நீடிக்கிறது.

இரண்டாவது, பொருட்களின் வடிவமைப்பு பற்றிய விதி. டிஜிட்டல் பாஸ்போர்ட் வருவது இதன் கீழ். ஆடையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அதன் இழை, ரசாயனம், நீடித்து உழைக்கும் தன்மை, மறுசுழற்சி போன்ற விவரங்கள் தெரிய வேண்டும் என்பது நோக்கம். எந்தெந்த விவரங்கள் கட்டாயம் என்பதை ஜவுளிக்கென்று தனி விதியாக வகுக்கிறார்கள். விற்காத ஆடைகளை அழிக்கப் பெரிய நிறுவனங்களுக்குத் தடை 2026 ஜூலை 19 முதல் என்று இதே விதி சொல்கிறது.

இந்தச் சட்டங்கள் எதுவும் அரூர் விவசாயியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. பிராண்டைக் கட்டுப்படுத்தும். பிராண்ட் அதை ஒப்பந்த நிபந்தனையாக்கி ஏற்றுமதியாளரிடம் தள்ளும். அவர் நூற்பாலையிடமும், நூற்பாலை அரவை ஆலையிடமும் கேட்கும். கடைசியில் ஆதார் நகல், சிட்டா, விதை ரசீது, மருந்து அடித்த தேதி என்று விவசாயியிடம் வந்து நிற்கும்.

தடம் எங்கே அறுபடுகிறது

தடமறிதல் என்பது காகிதத்தில் எளிது, கோணிப்பையில் கடினம். ஒரு பேல் பஞ்சுக்கு ஏறக்குறைய 500 கிலோ பருத்தி வேண்டும். மானாவாரியில் போடும் சிறு விவசாயி ஒரு பறிப்புக்குக் கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்துக்குக் கொண்டுவருவது சில மூட்டைகள்தான். ஏலம் எடுத்த வியாபாரி எல்லா மூட்டைகளையும் ஒரே லாரியில் ஏற்றுகிறார். அரவை ஆலையில் அவை ஒரே குவியலாகின்றன. ஆக, ஒரு பேலுக்குள்ளேயே பல வீட்டுப் பருத்தி இருக்கிறது. நூற்பாலையில் தரம் சீராக வர வேண்டும் என்பதற்காகப் பல ஊர், பல மாநிலப் பேல்களை வேண்டுமென்றே கலக்கிறார்கள். மில் நடத்த அது தேவையான வேலை. ஆனால் தடம் முழுதாக அழிவதும் அங்கேதான்.

இதைச் சமாளிக்க மூன்று முறைகள் உள்ளன. செய்திகளில் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. தனி அடையாளம் காத்தல். குறிப்பிட்ட காட்டின் பஞ்சு கடைசிவரை தனியாகவே போகும். செலவு மிக அதிகம்.
2. வகை பிரித்தல். இயற்கைப் பருத்தியெல்லாம் ஒன்றாகக் கலக்கலாம், சாதாரணப் பருத்தியோடு கலக்கக் கூடாது.
3. அளவுக் கணக்கு. 100 டன் நல்ல பருத்தி வாங்கினால் 100 டன்னுக்குச் சமமான ஆடைக்கு மட்டும் அந்தப் பெயர் போடலாம். உண்மையில் எந்தச் சட்டையில் எந்தப் பஞ்சு இருக்கிறது என்பது தெரியாது.

பெட்டர் காட்டன் என்ற உலகளாவிய திட்டம் பல ஆண்டுகள் மூன்றாவது முறையில்தான் ஓடியது. 2023 நவம்பரில் பொருளையே பின்தொடரும் வழியையும் அது சேர்த்துக்கொண்டது. நம் நாட்டின் கஸ்தூரி காட்டன் பாரத் திட்டமும் பேலுக்குக் குறியீடு கொடுத்துப் பின்தொடரும் வழியில் போகிறது.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நம்பியதற்கு ஒரு பெரிய விலை கொடுத்தாயிற்று. 2020 அக்டோபரில், இந்தியாவிலிருந்து இயற்கைப் பருத்தி என்ற பெயரில் போலி ஆவணங்களோடு சுமார் 20,000 டன் பஞ்சு போயிருப்பதாக உலக இயற்கை ஜவுளித் தர அமைப்பே அறிவித்தது. 11 நிறுவனங்களைத் தடை செய்தது. காட்டில் யாரும் கூடுதல் விலை பெறாமலேயே, காகிதத்தில் கூடுதல் விலையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒழுங்காகச் செய்த விவசாயியையும் அதன் பிறகு பையர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். எனக்கு இதில் மிகவும் வலிப்பது அந்தச் சந்தேகம்தான்.

பட்டு: நம் ஊரின் வேறு கதை

தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் பருத்தியைவிடப் பட்டு நெருக்கமானது. தமிழ்நாட்டில் மல்பெரி அதிகம் உள்ள பகுதிகளில் இவையும் அடங்கும். தருமபுரியில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வளக் காப்பு மையம் இருக்கிறது. நல்ல விலை தேடி கர்நாடகத்தின் ராமநகரம் வரை கூடு கொண்டுபோகிறவர்களும் உண்டு.

நிலைத்தன்மைக் கணக்கில் பட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதை வெளியே யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. பட்டுப்புழு பூச்சிமருந்தைத் தாங்காது. மல்பெரி இலையில் மருந்தின் மிச்சம் இருந்தால் புழு செத்துவிடும். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே ஒரு தொகுதி முழுவதும் போகும். அதனால் பட்டு விவசாயி மருந்து விஷயத்தில் கட்டாயமாகவே கவனமாக இருக்கிறார். எந்த ஆடிட்டரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. புழுவே ஆடிட்டர்.

அதே நேரத்தில் பட்டில் மறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. மல்பெரிக்கு ரசாயன உரம் போகிறது. வளர்ப்பு மனையைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடரும் ஃபார்மலினும் பயன்படுகின்றன. ஃபார்மலின் நெடி மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அதைத் தெளிக்கிற வீடுகள் நிறைய. குளோரின் டை ஆக்சைடு கலந்த மாற்றுக் கிருமிநாசினிகள் கிடைக்கின்றன. நூற்பில் கூடு வேகவைக்கத் தண்ணீரும் எரிபொருளும் வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலுக்கு வெண்கூடு என்றால் சுமார் ஆறரை முதல் ஏழு கிலோ கூடு போகும். பிறகு பசை நீக்கும்போது நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்து தண்ணீரோடு போகிறது. அந்தத் தண்ணீர் எங்கே விடப்படுகிறது என்பதுதான் பட்டின் சூழல் கணக்கில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

தடமறிதலில் பட்டு பருத்தியைவிடக் கொஞ்சம் வசதியானது. அங்காடியில் கூடு விவசாயி வாரியாக, குவியல் வாரியாக ஏலம் போகிறது, பதிவாகிறது. பெயரும் எடையும் விலையும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நூற்பாளர் பல குவியல்களைச் சேர்த்து நூற்கும்போதுதான் அந்தப் பதிவு அறுந்துபோகிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் குவியல் எண்ணை நூல் கட்டு வரைக்கும் எழுதிக்கொண்டு போனால், “தருமபுரி கூட்டில் நூற்ற பட்டு” என்று சொல்லிக்கொள்ள ஆதாரம் கிடைத்துவிடும். இப்போது புடவைக் கடையில் நாம் பார்க்கும் சில்க் மார்க் முத்திரை அது சுத்தமான பட்டு என்று மட்டும்தான் சொல்கிறது. சீனப் பட்டா, ராமநகரப் பட்டா, தருமபுரிப் பட்டா என்று அது சொல்லாது.

அளவுகோலே தவறாக இருந்தால்

இழைகளை மதிப்பெண் போட்டு ஒப்பிடும் அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் பிரபலமான ஹிக் குறியீட்டில் பாலியெஸ்டர் நல்ல மதிப்பெண் பெற்றது. பருத்தியும் பட்டும் பின்தங்கின, பட்டின் நிலை மிக மோசம். அந்த மதிப்பெண்ணை விளம்பரத்தில் பயன்படுத்த அது போதுமான ஆதாரம் இல்லை என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022 ஜூனில் சொன்னது. நுகர்வோருக்கு மதிப்பெண்ணைக் காட்டும் திட்டத்தை ஹிக் குறியீட்டை நடத்தும் அமைப்பு நிறுத்திவைத்தது.

பிரச்சினை எங்கே என்றால், கணக்கு துணி தயாராகும் கட்டத்தோடு முடிந்துவிட்டது. பாலியெஸ்டர் துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள், மண்ணில் மக்காமல் கிடக்கும் காலம், முப்பது வருடம் பெட்டியில் இருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் பட்டுப்புடவையின் ஆயுள், இவையெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றன. எந்த அறிக்கையைப் படித்தாலும் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று எங்கும் அச்சாகும் எண்ணும் அப்படித்தான். பாசனம், மழை, ஊர், ரகம் எல்லாவற்றையும் சராசரியாக்கிய எண் அது. மழையை நம்பி விளையும் அரூர்ப் பருத்திக்கு அதை அப்படியே ஒட்டவைப்பது நியாயமில்லை.

சாயப்பட்டறை: நொய்யல் கற்பித்தது, தென்பெண்ணை காட்டுவது

சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது, கீழே கரூர் வரைக்கும் விளைநிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் துளியும் வெளியேறாத அமைப்பு இருந்தால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. இன்று திருப்பூரில் கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி 90 சதவீதத்துக்கும் மேல் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நாட்டுக்கே முன்மாதிரியான வேலை அது.

ஆனாலும் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வடிகட்டியபின் மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்க விறகும் மின்சாரமும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் எங்கே போடுவது என்ற கேள்வி நிற்கிறது. ஆற்றைக் காப்பாற்ற எடுத்த வழி புகையையும் கசடையும் கூட்டுகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் இங்கே முக்கியமாவது அதனால்தான்.

நம் மாவட்டங்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைபொங்கி வருவதை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். பெங்களூரின் கழிவு அது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் பல் கறைபட்டவர்களும் எலும்பு வளைந்தவர்களும் வாழ்ந்த மண் இது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஏற்கெனவே தண்ணீரில் இவ்வளவு அடிபட்ட பகுதிக்கு, வேலைவாய்ப்பு என்ற பெயரில் சலவை, சாயம் போன்ற ஈரப் பதனிடும் ஆலைகளைக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். தையலும் பட்டு நூற்பும் தண்ணீரைக் கெடுக்காமல் வேலை தர முடியும்.

ஆடிட் வருகிறது, போகிறது

தையல் ஆலையில் நிலைத்தன்மை என்றால் பெரும்பாலும் ஆடிட்தான். வெளியிலிருந்து ஒருவர் வந்து பதிவேடு, தீயணைப்பான், அவசர வழி, கழிப்பறை, சம்பளச் சீட்டு எல்லாம் பார்க்கிறார். பார்ப்பது நல்லதுதான். ஆனால் 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஆலை, சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தொழிலாளர் தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. ஒரு நாள் வருகிறவருக்கு, அதுவும் தேதி சொல்லி வருகிறவருக்கு, மற்ற நாட்களில் நடப்பது தெரியாது.

வேலை நேரம் நீள்வதற்கான காரணமும் பல நேரம் ஆலைக்குள் இருப்பதில்லை. அது இப்படி நடக்கிறது:

1. பையர் டிசைனையோ நிறத்தையோ கடைசி நேரத்தில் மாற்றுகிறார்.
2. ஷிப்மெண்ட் தேதியை மாற்றுவதில்லை.
3. தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும்.
4. அதைத் தவிர்க்க ஆலை இரவு வரை ஓடுகிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அது முழுதாகக் கொடுக்கப்படாத இடங்களும் உண்டு.
5. வேன் ஊருக்குத் திரும்ப ராத்திரி ஆகிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த நேரத்தில் போவது பெண்களுக்கு எவ்வளவு பயம் என்பது வீட்டில் விழித்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆடிட் படிவம் நான்காவது வரியைத்தான் கேட்கும். முதல் இரண்டு வரிகளைக் கேட்காது, ஏனென்றால் படிவம் எழுதியவரே பையர்.

இதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அழைக்கப்படும் உடன்பாட்டில் தொழிற்சங்கமும் ஏற்றுமதி நிறுவனமும் கையெழுத்திட்டன. பிராண்டுகள் தனி ஒப்பந்தங்கள் மூலம் அதோடு சட்டப்படி கட்டுப்பட்டன. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க, வேலை செய்கிற பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி கொடுத்து நியமித்தார்கள். தினமும் அங்கேயே இருக்கிறவர் பார்த்தார், சொன்னால் நடவடிக்கை எடுக்கும் கடமை காகிதத்தில் இருந்தது. ஒருநாள் ஆடிட்டைவிட இது எவ்வளவோ மேல்.

செலவு யார் தலையில்

இயற்கைப் பருத்திக்கு மாற ஒரு விவசாயிக்கு என்ன ஆகும்? தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட விதிப்படி பருத்தி போன்ற ஓராண்டுப் பயிருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாற்றுக் காலம். மல்பெரி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. அந்தக் காலத்தில் ரசாயனம் கூடாது. ஆரம்பத்தில் மகசூல் குறையலாம். ஆனால் பொருளை இயற்கைப் பருத்தி என்று விற்க முடியாது, கூடுதல் விலையும் வராது. இதோடு விதைப் பிரச்சினை. 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தபின் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். மரபணு மாற்றிய விதையை இயற்கைச் சான்று ஏற்காது. பக்கத்து வயலிலிருந்து கலந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். ஒரு சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் 160 கிராம் என்று வையுங்கள். கட்டிங் வேஸ்ட், நூற்புச் சேதாரம் எல்லாம் சேர்த்தால் அதற்குச் சுமார் 200 கிராமுக்கு மேல் பஞ்சு வேண்டும். அதற்கு 600 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருத்தி வேண்டும். 2025-26 பருவத்துக்கு நீள இழைப் பருத்தியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 8,110 ரூபாய். ஆக ஒரு சட்டைக்குள் இருக்கும் பருத்தியின் மதிப்பு ஏறக்குறைய 50 ரூபாய். விவசாயிக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் சட்டைக்கு ஐந்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய் ஏன் வருவதில்லை? சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் லாபம் சதவீதமாகவே கணக்கிடப்படுகிறது. அடியில் ஐந்து ஏறினால் கடையில் அது பல மடங்காகிறது. கடை விலை ஏறாமல் இருக்க, எல்லாரும் அடியிலேயே அழுத்துகிறார்கள். காட்டில் கொடுக்க வேண்டிய கூடுதல் தொகையைத் தனியாகப் பிரித்து, எந்த இடைநிலையிலும் லாபம் ஏற்றாமல் விவசாயிக்கே பிராண்ட் அனுப்பினால் இந்தப் பெருக்கம் நின்றுவிடும். செய்யக்கூடிய காரியம்தான். பொறுப்பான கொள்முதல் என்று பேசும் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பணம் வரும் தேதியும் இதே அளவு முக்கியம். 2020-இல் கொரோனா வந்தபோது பல வெளிநாட்டு நிறுவனங்கள் தைத்து முடித்த ஆர்டரையே ரத்து செய்தன. உள்நாட்டில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுக்காவிட்டால் வாங்கியவருக்கு அந்தத் தொகைக்கு அந்த ஆண்டு வருமான வரிக் கழிவு கிடையாது என்ற விதியும் இப்போது இருக்கிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு தையல் யூனிட்டுக்கு இது பெரிய பாதுகாப்பு. வெளிநாட்டு பையரை இது கட்டுப்படுத்தாது. அவருக்கு மூன்று மாதக் கடன் கொடுத்துவிட்டு, சோலார் போடுங்கள், ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) கட்டுங்கள் என்ற கோரிக்கையையும் ஏற்றுமதியாளர் வட்டிக்கு வாங்கித்தான் நிறைவேற்றுகிறார்.

இங்கே என்ன செய்யலாம்

அரூர் வட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பழங்குடி மருத்துவமனையாகத் தொடங்கிய பணியிலிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. லம்பாடிப் பெண்களின் பூவேலையும் போர்கை என்ற பெயரில் மீண்டது. சிறிய அளவுதான். ஆனால் அங்கே விளைவிப்பவரும் தைப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் தடமறிதலுக்குத் தனிச் செயலி தேவைப்படவில்லை. எல்லா ஊரிலும் இதை அப்படியே செய்ய முடியாது. குழுவாகச் சேர்வது மட்டும் எங்கும் முடியும்.

1. பருத்தி விவசாயிகள்: தனி ஆளாகச் சான்று வாங்குவது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, அரவை ஆலையில் தங்கள் பருத்திக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கி, முன்னும் பின்னும் மெஷினைச் சுத்தம் செய்து அரைக்கச் சொல்லலாம். கையெழுத்திடும் முன் மாற்றுக் காலத்தில் என்ன விலை என்று எழுத்தில் கேட்க வேண்டும். விவரம் கேட்கிற நிறுவனம் அந்த விவரத்தின் நகலையும் விவசாயிக்குத் தர வேண்டும். அந்தத் தகவல் இருந்தால் அடுத்த வருடம் வேறு ஒருவரிடமும் பேரம் பேசலாம்.

2. பட்டு விவசாயிகள், நூற்பாளர்கள்: அங்காடிப் பட்டியல் சீட்டை எறியாமல் தொகுத்து வைக்க வேண்டும். நூற்பு யூனிட்டில் குவியல் எண்ணை நூல் கட்டில் எழுதத் தொடங்கினால் கூடுதல் செலவு ஒரு பேனாவும் பதிவேடும்தான். கூடு வேகவைக்கும் நீரை மறுபடி பயன்படுத்துவதும், செத்த புழுவைத் தீவனமாக்கி விற்பதும் வருமானத்தோடு சேரும்.

3. தையல் யூனிட் நடத்துபவர்கள்: குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாவிட்டால் 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது. கட்டிங் வேஸ்ட்டை நிறவாரியாகவும் இழைவாரியாகவும் பிரித்து வைத்தால் கழிவுப் பஞ்சு மில்களில் நல்ல விலை. பாலியெஸ்டர் கலந்துவிட்டால் அந்த விலை விழும்.

4. தையல் வேலைக்குப் போகும் பெண்கள்: சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணியும் தொகையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு ஆலையில் இருக்க வேண்டும்; அதன் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். அதில் வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் இருக்க வேண்டும். ஆடிட் அன்று ஆலைக்கு வெளியே பேச ஒரு தொலைபேசி எண்ணை ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பல பிராண்டுகள் தமிழில் பேசும் புகார் எண் வைத்திருக்கின்றன. அந்த எண் ஊருக்குத் திரும்பும் வேனில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் குழுவாகக் கேட்டால் ஆலை மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.